இரண்டாள் வேலை

செவ்வாய்க்கிழமை விடியற்காலை, தோட்டத்து ஆட்களை எண்ணும் பெரட்டில், ஆபீஸ் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி அந்தோனிப்பிள்ளை பதினொரு பெயர்களை வாசித்தார். பத்துப் பேர் ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கிறவர்கள். பதினொன்றாவது பெயர் காளியப்பன், பட்டறையில் என்னோடு வேலை செய்கிறவன். சனிக்கிழமை மதிய ரயிலில் எங்கள் ரெங்கம் ஸ்டேஷனிலிருந்து சிங்கப்பூருக்கு அனுப்பி, அங்கே கப்பலேற்றி, நாகப்பட்டினத்தில் இறக்கிவிடுவார்களாம். ரப்பர் விலை படுத்துக்கிடந்த 1931ஆம் வருடம் அது. மாதம் ஒரு முறை இப்படி ஒரு பட்டியல் வரும். அடுத்தவன் பெயரைக் கேட்டதும் வருத்தப்படுவதற்கு முன்னால், நம் பெயர் இல்லையே என்று மூச்சு விடுவோம். நானும் விட்டேன். அதை மறைத்து ஆகப்போவது என்ன?

மற்றப் பத்துப் பேருக்கும் காரணம் எதுவும் சொல்லவில்லை. காளியப்பனுக்கு மட்டும் சொன்னார்கள்.

"மெசினை வடிவா இறுக்காமல் விட்டு, கட்டரை உடைச்சுப் போட்டான். கவனமில்லாத ஆள் துரைக்கு வேண்டாமாம்" என்றார் கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட செய்தியைக்கூடப் பூசையில் வேதம் வாசிப்பது போல நிதானமாகச் சொல்வார்.

அந்த மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து துரை வாங்கி வந்த பழைய மில்லிங் மெஷின். ரப்பர் தகடு அழுத்தும் ரோலர்களுக்கு வேண்டிய பல் சக்கரங்களை நாங்களே வெட்டிக்கொள்வதற்காக வாங்கியது. ஒரு கனத்த தண்டில் கட்டர் மாட்டியிருக்கும். தண்டின் பின்முனை கூம்பு. அது மெஷினின் கூம்புத் துளைக்குள் போய் இறுக்கமாக உட்கார வேண்டும். உட்கார்ந்ததை விடாமல் பிடித்துவைப்பது இழுப்புக் கம்பி. மெஷினின் முதுகு வழியாக அந்த நீளக் கம்பியை நுழைத்து, தண்டின் முனையில் இருக்கும் மரையில் திருகி, பின்னால் நின்று ஸ்பானரால் இறுக்க வேண்டும். கம்பி தளர்ந்தால் தண்டு ஆடும். தண்டு ஆடினால் கட்டர் துள்ளும்.

கழற்றுவதற்கு இரண்டு ஆள் வேண்டும். கம்பியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, பின்னால் இருந்து ஒருவன் அதன் தலையில் சுத்தியலால் அடிப்பான். கூம்பு பிடிவிட்டு வெளியே வரும்போது, தண்டு காலில் விழாமல் முன்னால் இன்னொருவன் தாங்குவான். நான் அடிப்பேன், காளியப்பன் தாங்குவான். மெஷின் வந்த ஆறு மாதமாக அப்படித்தான் நடந்தது.

திங்கட்கிழமை நான் என்ஜின் கொட்டகையில் இருந்தேன். காளியப்பன் தனியாகச் சக்கரம் வெட்டிக்கொண்டிருந்தான். இருபத்தேழாவது பல்லில் தண்டு பிடிவிட்டது. கட்டர் துள்ளி, ஏற்கெனவே வெட்டிய மூன்று பற்களைத் தின்றுவிட்டுத் தானும் உடைந்தது. ஒரு துண்டு காளியப்பனின் காதோரமாகப் பறந்து தகரச் சுவரைப் பொத்துக்கொண்டு போனது. நான் ஓடி வந்தபோது அவன் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு, "இறுக்கித்தாண்ணே வச்சேன்" என்று ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். துரை வந்து பார்த்தார். கம்பி தளர்ந்திருந்தது. தளர்ந்த கம்பிக்கு யாரைப் பிடிப்பார்கள்? கடைசியாக இறுக்கியவனைத்தான்.

பெயர் வாசித்த அன்று சாயங்காலம் அவன் மனைவி வெள்ளையம்மா பட்டறைக்கு வந்தாள். ரப்பர் மரங்கள் நிற்கும் தீம்பாரிலிருந்து நேராக வந்திருந்தாள். தலைத்துண்டில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது.

"அண்ணே, எங்க வீட்டு ஊறுகா சாடிய அவரு மூடிட்டா என்னால தொறக்க முடியாது. தட்டித்தான் தொறக்கணும். அவரா இறுக்காம விட்டாரு?"

"நான் என்ன புள்ள செய்யட்டும்? தொரை முடிவு பண்ணிட்டாரு."

"நான் இந்த ரெங்கத்துல பொறந்தவ. நாகப்பட்டணம் எந்தத் தெசையில இருக்குன்னுகூடத் தெரியாது. இவருக்கும் அங்க யாரும் இல்ல. எல்லாரும் மனுசனையே பாத்தீங்க. அந்த மெஷின ஒரு தடவ பாருங்கண்ணே."

"பாக்கிறேன், போ" என்று எரிந்து விழுந்தேன். எனக்குக் கோபம் வந்தால் அதற்குள் பயம் இருக்கிறது என்று அர்த்தம். என் மனைவி செத்த பிறகு அதைக் கண்டுபிடிக்கிற ஆள் யாரும் இல்லை. வெள்ளையம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

எப்படியும் பார்த்துத்தான் ஆக வேண்டும். சனிக்கிழமைக்குள் மெஷின் ஓட வேண்டும் என்று துரை உத்தரவு. புதன்கிழமை கூம்புத் துளையை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். விளக்குக் கரியைத் தண்டின் கூம்பில் தடவி, உள்ளே தள்ளித் திருப்பி எடுத்தேன். கரி எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஒற்றியிருந்தது. கூம்பில் பழுதில்லை. தண்டு வளைந்திருக்கிறதா என்று லேத்தில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். வளையவில்லை. பேரிங்கைப் பார்த்தேன், பெல்ட்டைப் பார்த்தேன், மேசையின் ஆட்டத்தைப் பார்த்தேன். இழுப்புக் கம்பியை மட்டும் பார்க்கவில்லை. அது என் கையால் செய்தது.

மெஷின் வந்தபோது அதன் சொந்தக் கம்பி எங்கோ தொலைந்திருந்தது. தண்டின் மரையை எண்ணினேன். அங்குலத்துக்குப் பதினொன்று. எங்கள் பெட்டியில் இருந்த போல்ட் ஒன்றைத் திருகிப் பார்த்தேன். விரலாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அதே மரையில் கம்பி கடைந்து போட்டேன். எங்கள் தோட்டத்தில் ஆணி முதல் ஆயில் என்ஜின் வரை எல்லாம் இங்கிலாந்துச் சரக்கு. பதினொரு மரை என்றால் இங்கிலீஷ் மரைதான். வேறொரு மரை உலகத்தில் உண்டு என்று இங்கே எவனுக்கும் தோன்றாது. மெஷினின் வயிற்றில் அமெரிக்கா என்று கொட்டை எழுத்தில் வார்த்திருந்தது. அதன் மேல் சாயம் பூசியவனே நான்தான்.

வியாழக்கிழமை மதியம் வேறு வழியில்லாமல் கம்பியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். மரையின் நுனிகள் மட்டும் நசுங்கிப் பளபளத்தன. பக்கங்கள் நான் கடைந்த அன்று இருந்த மாதிரியே கறுத்துக் கிடந்தன. அதாவது நுனி மட்டும் தொட்டிருக்கிறது, பக்கம் தொடவே இல்லை.

தண்டின் மரை துளைக்குள் இருக்கிறது. அதன் வடிவத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. இலை நோய்க்குத் தூவுகிற கந்தகம் ஸ்டோரில் இருந்தது. ஒரு கரண்டி வாங்கி வந்து உருக்கினேன். துளைக்குள் எண்ணெய் தடவி, கந்தகத்தை ஊற்றி, நடுவில் ஒரு கம்பித் துண்டை நட்டேன். ஆறிய பிறகு மெதுவாகத் திருகி எடுத்தேன். துளைக்குள் இருந்த மரை அப்படியே மஞ்சளாக வெளியே வந்தது. இங்கிலீஷ் மரை அளக்கும் பல் தகட்டை அதன் மேல் வைத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். எண்ணிக்கை சரி. ஆனால் ஒவ்வொரு இடுக்கிலும் வெளிச்சம் தெரிந்தது. கோணம் வேறு. இங்கிலீஷ் மரையைவிடச் சற்று அகலமான கோணம். லேத்தின் கூர்முனையை அந்த இடுக்கில் வைத்துப் பார்த்தேன். அது கச்சிதமாகப் பொருந்தியது. மெஷினைப் போலவே மரையும் அமெரிக்கா.

காளியப்பன் சரியாகத்தான் இறுக்கியிருக்கிறான். எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காத கம்பியை நான் அவன் கையில் கொடுத்திருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள். இங்கே ஆடத் தெரிந்தவன் கோணல் கூடத்தில் விழுந்தான், கூடத்தைக் கட்டியவன் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தான்.

உட்கார்ந்துவிட்டேன். நல்ல எண்ணம் எதுவும் முதலில் வரவில்லை. புதுக் கம்பி செய்துவிடலாம், பழையதை உலையில் போட்டுவிடலாம், கந்தகத்தைப் பொடியாக்கிவிடலாம், ஒருவனுக்கும் தெரியாது என்றுதான் தோன்றியது. சொன்னால் பட்டியலில் அவன் பெயர் இருந்த இடத்தில் என் பெயர் வரும். எனக்கு நாற்பத்தாறு வயது. ஊரில் எனக்கும் ஒரு நாதி இல்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க யாரோடும் பேசாமல் புதுக் கம்பி கடைந்தேன். லேத்தின் கூர்முனைக் கோணத்துக்கே வெட்டுளியைத் தீட்டிக்கொண்டேன். மரையைப் பழையதைவிட இரண்டு மடங்கு நீளமாக வைத்தேன். மனம் நிற்காமல் அரித்ததால் கையும் நிற்கவில்லை. கம்பியில் ஒரு கழுத்து வளையம் விட்டு, அதற்குப் பின்னால் மெஷினின் முதுகில் திருகுகிற மாதிரி ஒரு மூடியும் செய்தேன். இனி கம்பியைத் தளர்த்தும்போது வளையம் மூடியில் முட்டும். மேலும் திருகினால் கம்பி பின்னால் வர முடியாமல், தண்டைத் தானே முன்னால் தள்ளும். சுத்தியல் வேண்டாம். ஒரு கையால் ஸ்பானர், மறு கையால் தண்டு. போட்டுப் பார்த்தேன். 'டொக்' என்ற சத்தத்தோடு தண்டு என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. என் வாழ்நாளில் நான் செய்ததிலேயே நல்ல சாமான் அதுதான்.

அந்த நேரம் பார்த்துக் காளியப்பன் தன் அரங்களை எடுத்துப்போக வந்தான்.

"அலாமா! சுத்தியலே வேணாமாண்ணே?" என்று இரண்டு தடவை தானே திருகிப் பார்த்தான். மறுநாள் கப்பலுக்குப் போகிறவன் மாதிரியே இல்லை. குனிந்து மூடியைத் தடவினான்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கந்தக வார்ப்பைக் காட்டிச் சொன்னேன். "தப்பு உன்னுது இல்லடா. நான் போட்ட மரை தப்பு."

அவன் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "ஒரு மாசமாவே ஸ்பானர் மெத்துமெத்துன்னு இருந்துச்சுண்ணே. தெனம் கால் சுத்து கூட வச்சு இறுக்குனேன். நீங்க செஞ்ச கம்பியாச்சே, எங் கையிலதான் வலு போச்சுன்னு நெனச்சேன்."

அவன் என்னைத் திட்டியிருந்தால் ஒருவேளை நான் பேசாமல் இருந்திருப்பேன். சட்டையை மாட்டிக்கொண்டு நேரே கிராணி பங்களாவுக்குப் போனேன்.

அந்தோனிப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டார். "நீர் சொல்லுறது உண்மையா இருக்கலாம். ஆனால் கூட்டாளியைக் காப்பாத்தப் பொய் சொல்லுறீர் எண்டுதான் துரை நினைப்பார். மரையும் கோணமும் அவருக்கு விளங்காது. கண்ணாலை காட்ட வேணும். நாளைக்குக் காலமை எட்டு மணிக்குக் கூட்டிக்கொண்டு வாறன்."

சனிக்கிழமை காலை துரை வந்தார். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, அவருக்குத் தமிழ் வராது. கிராணி பக்கத்தில் நின்றார். காளியப்பன் கதவோரம் நின்றான். வெளியே மரத்தடியில் வெள்ளையம்மா தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். நான் பழைய கம்பியைப் போட்டு, என் முழு பலத்தையும் கொடுத்து இறுக்கினேன். துரையையும் ஸ்பானரைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். இறுக்கம்தான் என்று தலையாட்டினார். கழிவுச் சக்கரம் ஒன்றை மாட்டி, மீதமிருந்த ஒரே கட்டரைப் போட்டு ஓட்டினேன்.

பத்துப் பல். ஒன்றும் ஆகவில்லை. இருபது பல். கட்டர் பட்டுத்துணி கிழிப்பது போலச் சீராக வெட்டியது. என் வேலை உடைய வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்று ஒரு நாள்தான். இருபத்தேழாவது பல் தாண்டியது. முப்பது தாண்டியது. துரை கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். ஏதோ சொன்னார்.

"ஒழுங்கா இறுக்கினால் நிக்குது தானே, அப்ப அவன் இறுக்கேல்லை எண்டு சொல்லுறார்" என்றார் கிராணி.

காப்பாற்றப் போன நானே அவன் கழுத்தில் முடிச்சை இறுக்கிவிட்டேன். ஏன் பிடிவிடவில்லை? மெஷினைப் பார்த்தேன். மேசையைப் பார்த்தேன். பிறகுதான் என் கையைப் பார்த்தேன். பல்லின் ஆழத்தில் பாதிகூட இல்லாமல், மேலோட்டமாகத்தான் வெட்டிக்கொண்டிருந்தேன். சீக்கிரம் ஆகட்டும் என்று துரை சொன்னதால் காளியப்பன் எப்போதும் முழு ஆழத்தையும் ஒரே வெட்டில் எடுப்பான். நான் அப்படி நினைத்துச் செய்யவில்லை, சத்தியமாக. ஆனால் என் கை என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

"ஐயா, இன்னும் ரெண்டே பல்லு. தொரைய நிக்கச் சொல்லுங்க" என்றேன்.

மேசையை முழு ஆழத்துக்கு ஏற்றினேன். முதல் பல் வெட்டியது. இரண்டாவதின் நடுவில் சத்தம் மாறியது. எல்லாரையும் பின்னால் போகச் சொல்லிக் கத்தினேன். தண்டு ஒரு உதறு உதறியது, கட்டர் துள்ளிச் சக்கரத்தைக் கடித்தது. பெல்ட்டைத் தள்ளி நிறுத்தினேன். துரை தாமே பின்னால் போய்க் கம்பியைத் தொட்டார். அவர் ஸ்பானர் வைத்துச் சோதித்த அதே கம்பி விரலுக்குச் சுழன்றது.

அவர் கேட்டது எனக்கே புரிந்தது. இதை யார் செய்தது?

"நாந்தாங்கய்யா" என்றேன்.

துரை ஒரு நிமிடம் திட்டினார். அந்தோனிப்பிள்ளை அதில் பாதியைத்தான் தமிழில் சொன்னார். பிறகு துரை பட்டியலை வாங்கி, பென்சிலால் காளியப்பனின் பெயரை அடித்தார். கதவோரம் நின்றவன் கைகூப்பினான். என் பெயரை எழுதுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதவில்லை. மெஷின் எப்போது ஓடும் என்று கேட்டார்.

புதுக் கம்பியைப் போட்டேன். கட்டரின் பல் நுனி ஒன்று தெறித்திருந்தாலும் வெட்டியது. முழு ஆழம், பன்னிரண்டு பல், ஒரு முணுமுணுப்பு இல்லை. துரையின் முகம் தெளிந்தது. மெஷினைச் சுற்றி வந்தார். புது மூடியைப் பென்சிலால் தட்டினார். என்னைப் பார்த்தார், காளியப்பனைப் பார்த்தார். கிராணியிடம் சிறிதாக ஏதோ கேட்டார். அதில் இரண்டு சொல் எனக்குத் தெரியும். ஒன் மேன்.

கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"துரை கேக்கிறார், இனி இந்த மெசினுக்கு ஒரு ஆள் காணுமோ எண்டு." போதுமா என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "யோசிச்சுச் சொல்லும், லெட்சுமணன்."

துரையின் கையில் பட்டியல் இன்னும் மடிக்காமல் இருந்தது. பென்சிலும் இருந்தது. முந்தின நாள் முழுக்க நான் உயிரைக் கொடுத்துச் செய்த வளையமும் மூடியும் இதற்குத்தான் ஆகியிருந்தன. குற்றவாளி என்று அனுப்ப இருந்தவனை இப்போது மிச்ச ஆள் என்று அனுப்பலாம். வாயைத் திறந்து நான் பெருமைப்பட்டுக்கொண்டால் போதும்.

"இல்லீங்கய்யா. ரெண்டு பேரு இல்லாம கழட்ட முடியாது" என்றேன்.

கழற்றிக் காட்டச் சொன்னார்.

நான் பின்னால் போனேன். காளியப்பன் முன்னால் போனான். ஸ்பானரை வைத்து அரைச் சுற்றுத் தளர்த்தினேன். இன்னும் அரைச் சுற்றுப் போனால் வளையம் மூடியில் முட்டும், தண்டு தானாக வந்துவிடும். அங்கேயே நிறுத்தினேன். சுத்தியலை எடுத்தேன்.

"காளியப்பா, தாங்கு."

அடித்தேன். புதுக் கம்பியின் தலை முதல் அடியிலேயே பள்ளமானது. இரண்டாவது அடிக்குக் கூம்பு பிடிவிட்டது. போதாது என்று மூன்றாவதும் போட்டேன். முன்னால் காளியப்பன் ஆனையைத் தாங்குகிறவன் மாதிரி முக்கி, முழங்காலை மடித்துத் தண்டை வாங்கினான். ஊறுகாய்ச் சாடிக்காரன், அந்தத் தண்டை ஒரு கையால் தூக்குகிறவன்! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

துரை "டூ" என்று தலையாட்டிவிட்டுப் பட்டியலை மடித்துக்கொண்டு வெளியே போனார். கிராணி ஒரு நொடி பின்தங்கினார். அந்த மூடியைப் பார்த்தார், பள்ளம் விழுந்த கம்பித் தலையைப் பார்த்தார்.

"ஒவ்வொரு முறையும் இப்பிடித்தான் அடிக்க வேணும். அடுத்த மாசமும் பட்டியல் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளையம்மா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு லயத்து வீட்டுக்குத் திரும்பினாள். மதியம் பத்துப் பேரோடு ரயில் போனது. அவர்களில் ஒருவரையும் என்னால் நிறுத்த முடியவில்லை. ஊதல் கேட்டபோது நாங்கள் இருவரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றோம்.

பிறகு நுனி தெறித்த கட்டரைத் தீட்ட வேண்டியிருந்தது, அதற்குத் தண்டை மறுபடி கழற்ற வேண்டியிருந்தது. காளியப்பன் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"யாரும் இல்லண்ணே. கம்பிய ஏன் கெடுக்கணும்? ஸ்பானர்லயே எடுத்துரலாமே."

எனக்கும் அதுதான் ஆசை. அந்த 'டொக்' சத்தத்தை இன்னொரு முறை கேட்டால் போதும் என்று இருந்தது. சனிக்கிழமை மதியம், பட்டறையில் ஈ காக்கை இல்லை. ஆனால் ஒருநாள் பழகிவிட்டால் கை மறுநாள் தானாக அதையே செய்யும். என் கையைப் பற்றி எனக்கு அன்று காலையில்தான் தெரிந்தது.

"வேணாம். நீ முன்னால போய்த் தாங்கு" என்று சொல்லிச் சுத்தியலை எடுத்தேன்.